வாக்ஸ், சீலன்ட், செராமிக்: கார் பெயின்ட்டுக்கு உண்மையிலேயே என்ன தேவை?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு கார் வச்சிருக்கிறவங்களுக்கு, சீக்கிரம் வாங்கப் போறவங்களுக்கு, அப்புறம் முக்கியமா, அப்பாவோட காரை ஞாயித்துக்கிழமை கழுவுற பொறுப்பு தலையில விழுந்தவங்களுக்கு.

புது கார் டெலிவரி எடுக்கிற நாளை யோசிச்சுப் பாருங்க. லோன் பேப்பர், இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் முடிஞ்சு சாவி கைக்கு வரப்போற நேரத்துல ஒரு கேள்வி வரும்: "சார், பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் போட்டுடலாமா?" அந்த நேரத்துல நாம இருக்கிற சந்தோஷத்துக்கு எதைக் கேட்டாலும் தலையாட்டிடுவோம். பல ஆயிரம் ரூபாய் பில்லுல ஏறிடும். என்ன போட்டாங்க, எத்தனை மாசம் நிக்கும், நாம என்ன செய்யணும், ஒண்ணும் தெரியாது.

பணம் மட்டும் பிரச்சினை இல்ல. கார் பெயின்ட்டோட மேல் அடுக்கு ஒரு தடவை தேஞ்சு போச்சுன்னா, திரும்ப பெயின்ட் அடிக்காம அது வராது. தப்பான ஆளுகிட்ட, தப்பான பொருளோட வண்டியை விட்டா, பாதுகாக்கிறேன்னு சொல்லிட்டே அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துடுவாங்க. அதனால முதல்ல அந்த அடுக்கைப் பத்தித் தெரிஞ்சுக்குவோம்.

தலைமுடியை விட மெல்லிசான ஒரு கவசம்

காரோட தகட்டு மேல நேரா கலர் அடிக்கிறதில்லை. முதல்ல துருப்பிடிக்காம இருக்க ஒரு அடுக்கு. வண்டியோட மொத்த உடம்பையும் தொட்டிக்குள்ள முக்கி, மின்சாரம் மூலமா ஒட்ட வைக்கிறது அது. அதுக்கு மேல ப்ரைமர். அதுக்கு மேலதான் பேஸ் கோட், அதாவது நாம பார்க்கிற கலர். கடைசியா கிளியர் கோட். இதுல கலரே கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும். பளபளப்பு முழுக்க இங்கேருந்துதான் வருது. வெயில்ல கலர் வெளுக்காம இருக்க, புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கிற ரசாயனத்தையும் இதுலதான் கலந்திருப்பாங்க.

இந்த நாலு அடுக்கும் சேர்ந்து பெரும்பாலான வண்டிகள்ல 100-லருந்து 150 மைக்ரான் வரைக்கும் இருக்கும். அதுல கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியோட தடிமன் சுமாரா 70 மைக்ரான்னு வச்சுக்குங்க. அதாவது, நீங்க காப்பாத்த நினைக்கிற பொருள் ஒரு முடியை விட மெல்லிசு.

அந்தக் காலத்து அம்பாசடர், பிரீமியர் பத்மினி வச்சிருந்த வீட்ல கேட்டுப் பாருங்க. பாலிஷ் போட்டா துணியில வண்டியோட கலர் வரும்னு சொல்லுவாங்க. அப்போ கிளியர் கோட் கிடையாது, கலரையே தேய்ச்சுதான் பளபளப்பு கொண்டு வரணும். இன்னிக்கு உங்க வண்டியைத் தேய்க்கும்போது துணியில கலர் வந்துச்சுன்னா, ஒண்ணு அது கிளியர் கோட் இல்லாத பெயின்ட், இல்லன்னா கிளியர் கோட் அந்த இடத்துல முடிஞ்சு போச்சு. ரெண்டாவதா இருந்தா, தேய்க்கிறதை அங்கேயே நிறுத்திடுங்க.

எதிரிகள் யார் யார்?

வெயில்தான் முதல் எதிரி. சென்னை மே மாசத்துல, மத்தியானம் வெளியில நிறுத்தின கறுப்பு காரோட பானெட்டைத் தொட முடியாது. 70 டிகிரி செல்சியஸை நெருங்குற சூடு அது.

ரெண்டாவது, பறவை எச்சம். அதுல இருக்கிற அமிலம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெயில்ல சூடாகும்போது பெயின்ட் கொஞ்சம் இளகி விரியும். எச்சமோ காய்ஞ்சு கல்லாயிடும். சாயங்காலம் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது, அந்தக் கட்டியோட வடிவத்துக்கே படிஞ்சு இறுகிடும். நீங்க துடைச்சு எடுத்தாலும் கீழே மங்கலா ஒரு தழும்பு நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். அதனால எச்சத்தை ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடாதீங்க. அன்னிக்கே எடுங்க. காய்ஞ்சிருந்தா ஈரத் துணியை அது மேல ஒரு அஞ்சு நிமிஷம் போட்டு ஊற விட்டு, அப்புறம் மெதுவா தூக்குங்க. நகத்தால சுரண்டாதீங்க.

மூணாவது, போர் தண்ணி. நம்ம ஊர் போர்வெல்ல கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம். கழுவிட்டு அப்படியே வெயில்ல காய விட்டா, தண்ணி போயிடும், உப்பு வட்ட வட்டமா நின்னுடும். புதுசா விழுந்த கறைன்னா வெள்ளை வினிகர்ல சரிபாதி தண்ணி கலந்து, துணியில நனைச்சு ஒத்தி எடுத்தா போயிடும். பிறகு நல்லா அலசிடுங்க. ரொம்ப நாள் ஆனதுன்னா பெயின்ட்டையே அரிச்சிருக்கும், பாலிஷ் இல்லாம போகாது.

நாலாவது எதிரிதான் ரொம்ப மோசம், ஏன்னா அதை நாமளே செய்றோம். காய்ஞ்ச துணியால தூசி துடைக்கிறது. ரோட்டுத் தூசியில மணல் துகள் இருக்கு. அதை ஒரு துணியால அழுத்தித் தேய்க்கிறது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. ராத்திரி உங்க வண்டி பானெட் மேல மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரியும். அதெல்லாம் இப்படித் துடைச்சதுல வந்தது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம்

கடையில பாலிஷ், வாக்ஸ், சீலன்ட், டெஃப்லான், செராமிக்னு எல்லாத்தையும் ஒரே அர்த்தத்துல சொல்லுவாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற.

பாலிஷ் அல்லது ரப்பிங் காம்பவுண்ட்: இது பாதுகாப்பே கிடையாது. ரொம்பப் பொடியான அரம். கீறலைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைத் தேய்ச்சு, கீறலோட ஆழத்துக்குச் சமமாக்குது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போயிடும். இருக்கிறதே 40, 50. அதனால சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "பாலிஷும் போட்டுடுங்க"ன்னு சொல்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. நல்ல டீட்டெய்லிங் கடையில மெஷினை வைக்கிறதுக்கு முன்னாடி பெயின்ட் தடிமனை அளக்கிற ஒரு சின்னக் கருவியால வண்டி முழுக்க அளப்பாங்க. அளக்காம நேரா மெஷினை எடுத்தா, ஏன்னு கேளுங்க.

வாக்ஸ்: இது கிளியர் கோட் மேல தடவுற மெழுகு. இதுல பேர் போனது கார்னோபா. பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பனை மரத்தோட இலையில இருந்து எடுக்கிறது. வெயில்ல ஈரம் போகாம இருக்க, மரம் தன் இலைக்குத் தானே பூசிக்கிற மெழுகு அது. இயற்கை மெழுகுகள்லேயே ரொம்ப கெட்டியானது, உருகு நிலை 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. ஆனா நம்ம ஊர் பானெட் சூடு எவ்வளவுன்னு இப்பதானே பார்த்தோம்! குளிர் நாட்டுல மாசக் கணக்குல நிக்கிற வாக்ஸ், நம்ம வெயில்ல தினமும் வெளியில நிக்கிற வண்டியில சில வாரத்துல போயிடும். ஆனா அழகுன்னு பார்த்தா இதுதான். கறுப்பு, சிவப்பு, அடர் நீலம் மாதிரி கலர்கள்ல ஒரு ஆழம் கொடுக்கும்.

சீலன்ட்: இது ஆலையில தயாரிக்கிற பாலிமர். மெழுகு மாதிரி மேல உக்காராம, பெயின்ட்டைப் பிடிச்சு நிக்கும். சூடும் தாங்கும். நாலுல இருந்து ஆறு மாசம் எதிர்பார்க்கலாம். தெருவுல வண்டி நிறுத்துறவங்களுக்கு என் சிபாரிசு சீலன்ட்தான். அழகும் வேணும்னா, சீலன்ட் போட்டு அது இறுகின பிறகு மேல வாக்ஸ் போடலாம். வரிசையை மாத்திடாதீங்க. வாக்ஸ் மேல சீலன்ட் போட்டா, அது பிடிக்க இடமே இல்லாம மெழுகோட சேர்ந்து போயிடும்.

டெஃப்லான்: தோசைக்கல்லுல இருக்கிற அதே பேர். 1938-ல தற்செயலா கண்டுபிடிச்ச பிளாஸ்டிக். தோசைக்கல்லுல அது ஒட்டணும்னா 300 டிகிரிக்கு மேல சூடு பண்ணணும். காரை அப்படிச் சூடு பண்ண முடியுமா? பெயின்ட்டே கருகிடும். அதனால "டெஃப்லான் கோட்டிங்"னு பேர் போட்டு வர்றதுல வேலை செய்றது அதுல கலந்திருக்கிற மத்த மெழுகும் பாலிமரும்தான். பேருக்காகத் தனியா காசு கொடுக்க வேண்டாம்.

செராமிக்: சிலிக்கா அடிப்படையில வர்ற திரவம். தடவினா இறுகி, மெல்லிசா கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு ஆகும். நல்லாப் போட்டா வருஷக் கணக்குல நிக்கும், உண்மைதான். ஆனா "9ஹெச் கடினம், வைரம் 10, இது 9"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. 9ஹெச்ங்கிறது பென்சில் அளவு. ஹெச்பி, 2ஹெச்னு வரையிற பென்சில் இருக்குல்ல, அந்த வரிசையில கெட்டியான 9ஹெச் பென்சில் கீறாதுன்னு மட்டும்தான் அர்த்தம். வைரத்தை அளக்கிற அளவுகோல் வேற. செராமிக் போட்ட வண்டியிலயும் மணல் துணியால தேய்ச்சா கீறல் விழும். ரோட்டுக் கல் பட்டா பெயின்ட் தெறிக்கும்.

சரி, நாமளே எப்படிப் போடுறது?

ஒரு அரை நாள், கொஞ்சம் நிழல், அவ்வளவுதான் வேணும். வெயில்ல இதைச் செய்யவே கூடாது. பானெட்டைத் தொட்டா குளிர்ச்சியா இருக்கணும். விடியக்காலையிலோ பார்க்கிங் அடித்தளத்துலயோ பண்ணுங்க.

முதல்ல கழுவுறது. ரெண்டு பக்கெட். ஒண்ணுல கார் ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. துணியை ஷாம்புல நனைச்சு ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணியில அலசி, மறுபடியும் ஷாம்பு. அழுக்கு மணல் ரெண்டாவது பக்கெட்டுல தங்கிடும், வண்டிக்குத் திரும்பி வராது. மேல இருந்து கீழே வாங்க, சக்கரம் கடைசி, அதுக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறதுக்குன்னே செஞ்சது அது, போட்டு வச்ச வாக்ஸையும் சேர்த்து எடுத்துடும்.

ரெண்டாவது, பாலிதீன் கவர் சோதனை. மெல்லிசு கவருக்குள்ள கையை விட்டு, கழுவின பானெட்டை மெதுவாத் தடவுங்க. வெறும் கையில வழவழன்னு தெரிஞ்ச இடமெல்லாம் இப்போ சொரசொரன்னு இருக்கும். பிரேக் தூசி, தார்த் துளி, மரப் பிசின் எல்லாம் ஒட்டியிருக்கு. அதை எடுக்க க்ளே பார்னு ஒரு களிமண் மாதிரி கட்டி கிடைக்கும். ஷாம்பு தண்ணியை நல்லாத் தெளிச்சு, அழுத்தாம, நேர்க்கோட்டுல வழுக்க விடணும். அழுக்கானா மடிச்சுப் புதுப் பக்கத்தை எடுங்க. கீழே விழுந்துச்சுன்னா தூக்கிப் போடுங்க. கழுவிட்டுத் திரும்ப உபயோகிக்கலாம்னு நினைக்காதீங்க, மண் உள்ளே புதைஞ்சிருக்கும். இது வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும்.

மூணாவது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு பங்குக்கு ரெண்டு, மூணு பங்கு தண்ணி கலந்து, துடைச்சு விடுங்க. பழைய மெழுகு, எண்ணெய் எல்லாம் போய் வெறும் பெயின்ட் கிடைக்கும். சீலன்ட் பிடிக்கணும்னா இது முக்கியம்.

நாலாவதுதான் சீலன்ட். ஸ்பாஞ்சுல கொஞ்சமா எடுத்து, ஒரு கதவு, அப்புறம் அடுத்த கதவுன்னு மெல்லிசா தடவுங்க. ஒரு ஹேட்ச்பேக்குக்கு 30 மில்லியே தாராளம். கெட்டியா பூசினா அதிக நாள் நிக்கும்னு இல்ல. மிச்சமெல்லாம் துணியோடதான் போகும், துடைச்சு எடுக்கிறதுதான் பெரும்பாடு. விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்க. இழுவாம சுத்தமா வந்துச்சுன்னா துடைக்கலாம். சென்னை, புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்ல காத்துல ஈரம் அதிகம், பாட்டில்ல போட்டிருக்கிறதை விட நேரம் எடுக்கும். பொறுமை வேணும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால துடைச்சு எடுங்க.

கறுப்பு பிளாஸ்டிக் பட்டை மேல பட்டா வெள்ளையாக் கறை நிக்கும், முன்னாடியே மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. முன் கண்ணாடியில வாக்ஸ் வேண்டாம், மழையில வைப்பர் தடதடன்னு இழுக்கும்.

அப்புறம் இறுக விடணும். சில சீலன்ட்டுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு 12 மணி, சிலதுக்கு ஒரு முழு நாள். அந்த நேரத்துல தண்ணி படக்கூடாது. அதுக்கு மேல வாக்ஸ் வேணும்னா மறுநாள் போடுங்க.

எப்போ திரும்பப் போடுறதுன்னு தண்ணியே சொல்லிடும். புதுசுல மழைத் தண்ணி முத்து முத்தா நிக்கும், இல்ல சரசரன்னு வழிஞ்சு ஓடும். அது ஒரு பாயா பரவி அப்படியே நிக்க ஆரம்பிச்சா, அடுத்த ரவுண்டுக்கு நேரம் ஆச்சு. நம்ம ஊருக்கு ரெண்டு தேதி ஞாபகம் வச்சுக்குங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மார்ச்சுல ஒண்ணு. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு. பூஜை முடிஞ்ச கையோட வடகிழக்குப் பருவமழை வந்துடும். அதோட, பானெட்ல வைக்கிற சந்தனம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வெறும் பெயின்ட்ல கறையாகும். சீலன்ட் இருந்தா ஈரத் துணியில எளிதா வந்துடும். அப்பவும் ரெண்டு நாளுக்கு மேல விட வேண்டாம்.

தினமும் துடைக்கிற அண்ணன்

இவ்வளவு பண்ணினதும் மறுநாள் காலையில என்ன ஆகும்? அபார்ட்மென்ட்ல வண்டி துடைக்கிற அண்ணன் வருவார். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்து, இருபது வண்டி. உங்க வண்டி பன்னெண்டாவது. முதல் பதினொரு வண்டியோட மண்ணும் அந்தத் துணியில இருக்கு.

அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஒரு வண்டிக்கு மாசம் சில நூறு ரூபாய்தான் கொடுக்கிறோம். விடியறதுக்குள்ள அத்தனை வண்டியும் முடிச்சாகணும். அந்த அவசரத்துல வேற எப்படித் துடைப்பார்? அவர்கிட்ட போய், "அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் தண்ணி ஊத்திக் கழுவிட்டுத் துடைங்க, காசு அதே காசுதான்"னு சொல்லிப் பாருங்க. உங்க வண்டிக்குன்னு நாலு மைக்ரோஃபைபர் துணி, ஒரு பக்கெட் வாங்கிக் கொடுங்க. காய்ஞ்ச துணி மட்டும் வேண்டாம்னு தெளிவாச் சொல்லுங்க. அவருக்கு வேலை குறையும், சம்பளம் குறையாது. பல ஆயிரம் கொடுத்துப் போடுற எந்தக் கோட்டிங்கை விடவும் இந்த ஒரு பேச்சு உங்க பெயின்ட்டை அதிகம் காப்பாத்தும்.

அடிக்கடி வர்ற கேள்விகள்

புது வண்டிக்கு உடனே போடலாமா? போடலாம். ஆலையில பெயின்ட்டைச் சூளையில வேக வச்சுதான் அனுப்புறாங்க, டெலிவரி நாள்லயே அது இறுகினதுதான். ஆனா இடிச்சு, பட்டறையில திரும்ப பெயின்ட் அடிச்ச பாகத்துக்குக் குறைஞ்சது 30 நாள் காத்திருங்க. உள்ளே இருக்கிற கரைப்பான் ஆவியாகி வெளியேறணும். முன்னாடியே மூடிட்டா பெயின்ட் மங்கிடலாம்.

கீறல் போகுமா? கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டுச்சுன்னா வாக்ஸும் போக்காது, பாலிஷும் போக்காது. தகடு தெரிஞ்சா டச் அப் பெயின்ட் வச்சு உடனே மூடுங்க, கடலோர ஊர்ல துரு சீக்கிரம் பிடிக்கும்.

கடையில பளபளன்னு கொடுத்தாங்க, ரெண்டு வாரத்துல கீறல் திரும்ப வந்துடுச்சே? திரும்ப வரல, போகவே இல்ல. சில பொருள்கள்ல கீறலை நிரப்பி மறைக்கிற எண்ணெய் இருக்கும், நாலு தடவை கழுவினா போயிடும். வண்டியை எடுக்கும்போதே ஒரு இடத்துல அந்த ஆல்கஹால் கலவையால துடைச்சு, டார்ச் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. நேர்மையா வேலை செஞ்சவங்க தயங்க மாட்டாங்க.

மேட் ஃபினிஷ் வண்டி? பாலிஷும் வேண்டாம், சாதாரண வாக்ஸும் வேண்டாம். அங்கங்கே பளபளப்பு ஏறித் திட்டுத் திட்டா ஆயிடும். மேட்டுக்குன்னே தனியா வர்றதை மட்டும் போடுங்க.

ஷோரூம்ல கேட்டா என்ன சொல்றது? நாலு கேள்வி கேளுங்க. இது கட்டாயமா? என்ன பொருள், பாட்டிலைக் காட்ட முடியுமா? போடுறதுக்கு முன்னாடி வண்டியில என்னென்ன செய்வீங்க? வாரண்டின்னா எதுக்கு, எதுக்கெல்லாம் கிடையாது, எழுத்துல தர முடியுமா? முதல் கேள்விக்கு பதில் எனக்கே தெரியும்: கட்டாயம் இல்ல. மத்த மூணுக்கும் தெளிவான பதில் வந்து, உங்களுக்கு நேரம் இல்ல, பணம் இருக்குன்னா தாராளமா போடுங்க. பதில் மழுப்பலா இருந்தா, "யோசிச்சு சொல்றேன்"னு சொல்லிட்டு சாவியை வாங்கிட்டு வாங்க. ஒரு பாட்டில் சீலன்ட், ரெண்டு பக்கெட், ஒரு ஞாயித்துக்கிழமை காலை, அது போதும்.

அவ்வளவுதான் மக்களே. இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சு உங்க பானெட்டைப் பாருங்க, கவர் சோதனையும் பண்ணுங்க. கையில என்ன தட்டுப்பட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க. புது கார் புக் பண்ணியிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, டெலிவரி நாளுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.